மூன்று எழுத்துத் தள்ளி

எழுத்துப் புதிர் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு வரும் முதல் வியாதி, கண்ணில் படுகிற பெயர்ப்பலகையையெல்லாம் மூன்று எழுத்துத் தள்ளி வாசிப்பது. 'CUP என்பது FXS எனில் DOG என்பது என்ன?' என்ற கேள்வியைப் பிள்ளையின் புத்தகத்தில் பார்த்து நீங்களும் ஒருநாள் திகைத்திருப்பீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக, அதற்கு அப்பால் மூன்றாவதாக நிற்கிற எழுத்தைப் போட வேண்டும், அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டு ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை ஆந்திர எல்லையில் தடாவில் தெலுங்கிலும், பிறகு பழவேற்காட்டில் தமிழிலும் படித்தவள். சென்னையில் அலுவலக வேலை பார்த்துவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது பழவேற்காட்டுக்கே திரும்பினேன். மாலையில், கோட்டைக்குப்பத்து மீன் ஏலக் கொட்டகையைக் கழுவிவிட்ட பிறகு, தரை காய்ந்த பக்கமாக உட்கார்ந்து விடுதிப் பள்ளியில் ஒன்பதாவது சேர்வதற்கான நுழைவுத்தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன்.

ஊரறிந்த ரகசியம்

முதல் நாள், குறியீடு என்றால் என்ன என்று விளக்கப் படாதபாடு பட்டேன். ராஜா, தூதன், எதிரி நாடு என்று எங்கெங்கோ போனேன். பிள்ளைகள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள்.

கடைசியில் கோமதி எழுந்தாள். கோட்டைக்குப்பத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். ஏழாவதுதான் படிக்கிறாள், தேர்வு அவளுக்கு அடுத்த வருஷம். ஆனால் வாய்க்கு அந்தக் கணக்கு கிடையாது. "இதுக்குப் போயி இன்னா மிஸ் இவ்ளோ இழுக்கறீங்க? எங்க நைனா வடக்கப் போயி எறா அள்ளினு வருவாரு. கேக்கறவங்ககிட்ட தெக்கனு சொல்லுவாரு. அவங்களும் தெக்கயானு கேட்டுக்கினு நேரா வடக்க போவாங்க."

முனுசாமியின் நிபந்தனை

மேகலா ஏரிக்கு நடுவே இருக்கிற பசியாவரம் தீவிலிருந்து வருவாள். எட்டாவது. தீவுக்குப் பாலம் கட்டத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. அவள் அப்பா முனுசாமி படகில் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடிகிற வரை ஓரமாக உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமலே விரலில் உருட்டிக்கொண்டிருப்பார். வீட்டில் மேகலாவுக்கு ஒரு சின்னத் தங்கை. அம்மா விடிவதற்குள் மீன் விற்கக் கிளம்பிவிடுவாள்.

விடுதியில் இடம் கிடைக்காவிட்டாலும் இந்தக் கரையில் உயர்நிலைப் பள்ளி இருக்கிறதே என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்வதுபோலச் சொன்னார். "எடம் கெடச்சா அனுப்பறேன் டீச்சரம்மா. கெடைக்கலன்னா எட்டோட நிறுத்திக்கினு அவங்கம்மாகூட மீன் கூடைக்குப் போவட்டும். நடுவுல வேற எதுவும் பேசாதீங்க."

பட்டினி கிடக்கிற எழுத்துகள்

மேகலா கணக்கில் புலி. ஆனால் எழுத்துப் புதிரில் மட்டும் சிலது சரியாக வரும், சிலது தப்பாக வரும். DOG-க்கு GRJ என்று வர வேண்டும். அவள் HRJ என்று எழுதுவாள், அதுவும் சந்தேகமே இல்லாமல். விடை வரிசையில் HRJ என்றும் ஒன்றை வைத்திருப்பார்கள், கண்ணி மாதிரி. அவசரத்தில் தப்பாக எண்ணுகிறாள் என்று நினைத்து நிதானம், நிதானம் என்று சொல்லிச் சொல்லி அவளை அழவைத்ததுதான் மிச்சம்.

பிறகு ஒருநாள், வாய்விட்டு எண்ணு என்றேன். "D-க்கு அப்புறம் E, F... G கெடையாது, H." ஏன் G கிடையாது? அது ஏற்கெனவே DOG-ல் வந்துவிட்டதாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை விடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருமுறை பாடு போனவர், மற்ற எல்லாருக்கும் முறை வந்துபோகும் வரை கரையில் நிற்க வேண்டும். அவள் எழுத்துகளுக்கும் அதே நியாயத்தை வைத்திருந்தாள். எழுத்துக்குப் பாடு கிடையாதம்மா என்றேன். மேகலா என்னை ஏமாற்றத்தோடு பார்த்தாள். "வந்த எழுத்தே திரும்பத் திரும்ப வந்தா, மத்ததுங்கல்லாம் பட்டினியா மிஸ்?"

ஏரியும் கடலும்

தேர்வு நெருங்கிவிட்டது. விதியை மறுபடி மறுபடி சொன்னேன். தலையாட்டுவாள். பென்சில் மட்டும் வந்த எழுத்தைத் தாண்டிக் குதிக்கும். ஓரத்தில் முனுசாமியின் விரலில் பீடி உருளும். அந்தப் பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது.

பொறுக்காமல் கோமதிதான் கத்தினாள். "ஏய், நீ ஏரிக்காரிடி, அதான் உனுக்கு வரல. இத கடல்னு நெனச்சிக்கோ. கடல்ல எவன் மொற பாக்கறான்? யாரு வேணா எத்தினி தபா வேணா வலை உடலாம்." மேகலா தாளை இழுத்து, அன்றைக்குக் கொடுத்த அத்தனை புதிரையும் வரிசையாகப் போட்டு என்னிடம் நீட்டினாள். ஒன்றுகூடத் தப்பில்லை. பிறகுதான் கோமதி பக்கம் திரும்பினாள். "அதனாலதாண்டி உங்க கடல்ல மீனே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை போன்

மேகலாவுக்கு இடம் கிடைத்தது. முனுசாமி சொன்ன சொல் மாறவில்லை, பெட்டிகூட வாங்கிவிட்டார். ஆனால் கிளம்புவதற்கு முந்தின மாலை, மகளைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். ஞாயிறுதோறும் வார்டன் போனில் பேசலாமாம், வார்டன் பக்கத்திலேயே நிற்பாராம். மனசில் உள்ளதைப் பிள்ளை எப்படிச் சொல்வாள்? ஒரு குறி போட்டுக் கொடுங்கள் என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். நன்றாக இருந்தால் 'எறா வந்துச்சா நைனா?' என்று கேட்க வேண்டும். இருக்க முடியவில்லை என்றால் 'நண்டு வந்துச்சா?' நண்டு என்று காதில் விழுந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறி, ஏன் என்று கேட்காமல் அழைத்து வந்துவிடுவதாகச் சொன்னார்.

முதல் ஞாயிறு போய், திங்கட்கிழமை மாலை அவர் கொட்டகை வாசலில் நின்றார். எறா வந்துச்சா என்று கேட்டாளாம், இவருக்கு மூச்சு வந்ததாம். போனை வைக்கப்போகும்போது நண்டு வந்துச்சா என்றும் கேட்டுவிட்டாளாம். நீங்க என்ன சொன்னீங்க, பஸ் ஏறலையா என்றேன்.

"ரெண்டும் வந்துச்சும்மானு சொன்னேன் டீச்சரம்மா. எனக்கும் அப்பிடித்தானே கீது, இதுக்குப் போயி பஸ் ஏறுவாங்களா?"

நாலு விடையில் ஒன்றுதான் சரி என்று சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற தொழில் இது. நல்லவேளை, கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள் யாரும் ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சை ஒட்டுக்கேட்பதில்லை.