படுக்க ஆறு, இருக்க நாலு

பழைய வாகனம் பாக்கப் போறதெண்டால் இவருக்குக் கலியாண வீட்டுக்குப் போற மாதிரி. சனிக்கிழமை காலமையே முகம் வழிச்சு, நல்ல சேட்டுப் போட்டு, ஈரம் பாக்கிற மெசினையும் கையிலை வைச்சுக்கொண்டு வாசலிலை நிப்பார். என்ரை மனிசன் எதையும் சும்மா வாங்கமாட்டார். ஒரு சோடி சப்பாத்துக்கே கடை கடையாய் ஏறி இறங்கிற ஆள், பூபில் வாங்க வெளிக்கிட்டால் எப்பிடி இருக்கும் எண்டு நீங்களே நினைச்சுப் பாருங்கோ. பூபில் எண்டால் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்கை இருக்கிற வாகனம். கோடை வந்தால் நோர்வேக்காரர் அதுக்குள்ளைதான் குடும்பம் நடத்துறது.

எங்களுக்கு அந்த எண்ணம் வந்தது மச்சாளாலை. இவரின்ரை அக்கா. எண்பதுகளிலை நோர்வேயின்ரை வடக்கு அந்தத்திலை, ஃபின்மார்க்கிலை உள்ள பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து, மீன் வெட்டுற தொழிற்சாலையிலை குளிருக்குள்ளை நிண்டு உழைச்சு, தம்பியைக் கூப்பிட்டுப் படிப்பிச்சு, எனக்குக் கட்டியும் வைச்ச மனிசி. தான் கலியாணம் கட்டேல்லை. இப்ப பென்சன் எடுத்துக்கொண்டு ஹொல்ம்லியாவிலை தனிய இருக்கிறா. நாங்கள் பக்கத்திலை, மோர்டென்ஸ்ருட்டிலை. ஞாயிறு பூசை முடிஞ்சால் அவவுக்குச் சாப்பாடு எங்கடை வீட்டிலைதான்.

போன நத்தாருக்குச் சின்ன மகள் ஏதோ பள்ளிக்கூட வேலைக்கெண்டு, "மாமி, ஃபின்மார்க்கிலை எப்பிடி இருந்தது?" எண்டு கேட்டாள். கேட்டதுதான் தாமதம், மச்சாள் கதைக்கத் தொடங்கினா. இளம் பெட்டையள் எல்லாரும் ஒரு வீட்டிலை இருந்ததாம். கோடையிலை சூரியன் மறையாதாம். வேலை முடிஞ்சால் துறைமுகத்திலை காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்து பாட்டுப் படிச்சவையாம். ஒருநாள் மேற்பார்வைக்கு வந்த நோர்வேக்காரனுக்கு மீன் கட்லட் குடுத்து, அவன் உறைப்பிலை அழுது, அடுத்தநாள் வந்து இன்னும் இருக்கோ எண்டு கேட்டவனாம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. இந்த மனிசி இவ்வளவு சிரிக்கும் எண்டு எனக்குத் தெரியாது. கடைசியிலை, "ஒருக்கா எல்லாருமாய்ப் போய்ப் பாத்தால் நல்லாயிருக்கும்" எண்டா. நான் இந்தக் குடும்பத்துக்கு வந்த நாள் தொடக்கம் அவ வாய் திறந்து கேட்ட முதல் ஆசை அது.

நாங்கள் ரெண்டு பேர், ரெண்டு பிள்ளையள், மச்சாள் எண்டு அஞ்சு பேருக்கு விமானம், ஹோட்டல் எண்டால் நினைச்சும் பாக்கேலாது. கூடாரத்திலை படுக்க மச்சாளின்ரை முழங்கால் விடாது. அப்ப பழைய பூபில் ஒண்டு வாங்குவம், நாலைஞ்சு கோடைக்கு ஓடிப்போட்டு விப்பம் எண்டு இவர் முடிவெடுத்தார். கையிலை இருந்த காசுக்கு ஏத்த மாதிரித்தான் வாகனங்களும் வந்து வாய்ச்சுது. முதல் பாத்ததின்ரை கதவைத் திறந்தால் ஈரச்சாக்கு மணம். மெசினை வைச்ச இடமெல்லாம் கீச்செண்டு கத்திச்சுது. வித்தவர் அசையேல்லை, நேற்று மழை பெய்தது எண்டார். மழை வெளியாலைதானே பெய்யும்! இன்னொண்டிலை மூத்த மகள் கால் வைக்க நிலம் பஞ்சு மாதிரி அமுங்கிச்சுது. பேசாமல் இறங்கி வந்திட்டம்.

பிறகுதான் மொஸ் பக்கத்திலை அந்த வெள்ளைப் பூபிலைக் கண்டம். ஐயோ, என்ன வடிவு! என்ரை இடியப்பச் சட்டி வைக்கக்கூடின அடுப்பு, வெள்ளைத் திரைச்சீலை, ஒரு துளி ஈரம் இல்லை. சாரதிக்கு மேலை ஒரு பெரிய கட்டில், பின்னாலை அடுக்குக் கட்டில், நடுவிலை மேசையைப் பதிச்சால் அதுவும் கட்டில். "ஆறு பேர் படுக்கலாம்!" எண்டு இவர் எனக்குக் காதுக்குள்ளை சொன்னார். நானும், "வழியிலை ஆரும் சேர்ந்தாலும் படுக்க வைக்கலாம்" எண்டன்.

எங்கடை சனத்தின்ரை புத்தி அப்பிடித்தானே. ஒரு வீட்டைப் பாத்தால் எத்தனை அறை எண்டு முதல் கேக்கமாட்டம், எத்தனை பேர் படுக்கலாம் எண்டுதான் பாப்பம். கலியாணவீடு, செத்தவீடு எண்டு பெர்கனிலையிருந்தும் டென்மார்க்கிலையிருந்தும் வாற சனத்துக்கு வரவேற்பறையிலை மெத்தை விரிச்சுப் பழகின ஆக்கள். படுக்க இடம் இருந்தால் எல்லாம் சரி. இவர் அந்த இடத்திலையே கை குடுத்து, வாற கிழமை வந்து எடுக்கிறம் எண்டு சொல்லிப்போட்டு வந்தார்.

அடுத்தநாள் ஞாயிறு. மச்சாளுக்குப் போனிலை படம் காட்டிக்கொண்டிருக்கிறம். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாய்ப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாக்கிறா. மூத்தவள் இப்ப கார் பழகிறாள், அவளுக்கு உலகத்திலை உள்ள சட்டமெல்லாம் தெரியும். எட்டிப் பாத்திட்டு, "அப்பா, ஓடேக்கை ஆரார் எங்கை இருக்கிறது? பெல்ட் எத்தனை இருக்கு?" எண்டு கேட்டாள்.

இவர் படத்தைப் பெரிசாக்கி எண்ணினார். முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ரெண்டு. பக்கவாட்டிலை இருந்த நீட்டு இருக்கையிலை பெல்ட்டைக் காணேல்லை. வித்தவருக்குப் போன் அடிச்சுக் கேட்டார். "ஓம், படுக்க ஆறு பேர், ஓட நாலு பேர்" எண்டு அந்த மனிசன் ஆறுதலாய்ச் சொல்லிச்சுது. விளம்பரத்திலையும் ரெண்டையும் ஒழுங்காய்த்தான் போட்டிருந்தவர். நாங்கள்தான் கட்டிலை மட்டும் எண்ணின ஆக்கள்.

"அப்ப மிச்ச ஆள் பறந்தே வாறது?" எண்டு நான் கத்தினன். ஆரிலை கோவம் எண்டு எனக்கே தெரியேல்லை.

மூத்தவள், "நான் நிக்கிறன், எனக்குக் கோடையிலை வேலை எடுக்கலாம்" எண்டாள். மச்சாள் கண்ணாடியைக் கழட்டி உறையுக்கை வைச்சா. "பிள்ளை ஏன் நிக்கவேணும்? நான் வரேல்லை, தம்பி. நீங்கள் போட்டு வாங்கோ. அங்கை என்ன கிடக்கு? மீன் நாத்தமும் குளிரும்." சொல்லிப்போட்டுச் சோத்துக்கு ரசத்தை விட்டுச் சாப்பிட்டா.

எனக்குக் கோவம் வந்தால் பாத்திரம் கழுவுவன். மச்சாளைக் கொண்டுபோய் விட்டிட்டு இவர் வரேக்கை, நான் சுத்தமாய் இருந்த பாத்திரத்தையும் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தன்.

"அக்காவே வேண்டாம் எண்டுறா..." எண்டு மெல்லமாய்த் தொடங்கினார்.

"உங்களுக்கென்ன மண்டை பிசகோ? உங்கடை அக்கா தேத்தண்ணி வேணுமோ எண்டாலும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவா. வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லித்தானே உங்களை ஆளாக்கினவ. மச்சாளை விட்டிட்டு மச்சாளின்ரை இடத்தைப் பாக்கப் போறதோ? எனக்கு அப்பிடி ஒரு பயணம் தேவையில்லை."

இவர் துவாயை எடுத்து நான் கழுவினதைத் துடைச்சார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த வெள்ளைப் பூபிலிலை நல்ல ஆசை. அந்தக் குசினியிலை நிண்டு தேத்தண்ணி ஊத்துற மாதிரிக் கனவே கண்டாச்சு. நானே வித்தவருக்குப் போன் எடுத்து வேண்டாம் எண்டு சொன்னன். சொல்லி வைச்சிட்டுக் கொஞ்சம் அழுதன்.

அதுக்குப் பிறகு விளம்பரத்தைத் திறந்தால் முதல் பெல்ட்தான். அஞ்சு பெல்ட் உள்ளதெல்லாம் ஒண்டில் எங்கடை காசுக்கு எட்டாது, ஒண்டில் எலும்புக்கூடு. பனி உருகி, பள்ளிக்கூடம் விடுற காலமும் கிட்டிச்சுது. ஒவ்வொரு ஞாயிறும் மச்சாள், "விடு பிள்ளை, காசைக் கரியாக்காதை" எண்டு சொல்லுவா. நான் கேக்காத மாதிரி அவவின்ரை சாப்பாட்டுக் கோப்பையிலை கறியைப் போடுவன்.

கடைசியிலை ஷி எண்ட ஊருக்குப் பக்கத்திலை ஒரு தோட்டக்காரர் தன்ரை பூபிலை விக்கிறார் எண்டு கண்டு, பூசை முடிஞ்சு அப்பிடியே எல்லாருமாய்ப் போனம். மச்சாள், "எனக்கென்னத்துக்கு, நான் காருக்குள்ளை இருக்கிறன்" எண்டா. சரி, இருங்கோ எண்டு விட்டம்.

வாகனம் மண்ணிறம், நடுவிலை ஒரு மஞ்சள் கோடு. சின்னவள் பாத்த உடனை, "உருளைக்கிழங்கு" எண்டாள். உள்ளுக்கை சீற்றிலை மண்ணிறப் பூ. நாலு பேர்தான் படுக்கலாம். ஆனால் அந்த மனிசனுக்கு மூண்டு பிள்ளையள் இருந்ததாலை அஞ்சு பெல்ட் உள்ளதாய்ப் பாத்து வாங்கினவராம். அஞ்சையும் இழுத்துப் பூட்டிப் பாத்தம். இவர் மெசினை மூலை முடக்கெல்லாம் வைச்சார். அது வாயே திறக்கேல்லை. நல்ல சேட்டோடை கீழையும் பூந்து பாத்தார். கக்கூஸ் வேலை செய்தது. "எனக்குக் கூடாரத்திலை படுக்கத்தான் விருப்பம்" எண்டு இவர் ஒரு பொய்யும் சொன்னார். அந்தப் பொய்யுக்காக அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலை இருந்தது.

வெளியாலை முற்றத்திலை நிண்டு விலை கதைக்கத் தொடங்கினம். இவர் முகத்தை நீட்டிக்கொண்டு, டயர் பழசு, அடியிலை கறள் பிடிச்சிருக்கு, நிறமும் சரியில்லை, எங்களுக்கு அவசரமும் இல்லை எண்டு அடுக்கினார். தோட்டக்காரர் இவருக்குப் பின்னாலை எங்கையோ பாத்துக்கொண்டு சிரிக்கிறார். என்ன எண்டு நாங்களும் திரும்பினம்.

மச்சாள் பூபிலுக்குள்ளை இருக்கிறா. எப்ப காராலை இறங்கினவ, எப்ப ஏறினவ எண்டு ஆருக்கும் தெரியாது. யன்னல் பக்கத்துச் சீற்றிலை, பூசைக்குப் போட்ட கோட்டோடை, கைப்பையை மடியிலை வைச்சு, பெல்ட்டையும் இழுத்துப் பூட்டிக்கொண்டு நேரை முன்னுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறா.

இவர் கதவடியிலை போய், "அக்கா, இறங்குங்கோ. இன்னும் வாங்கேல்லை" எண்டார்.

"நான் இறங்கேல்லை, தம்பி. நீங்கள் கதைச்சு முடிச்சிட்டு வாங்கோ."

அதுக்குப் பிறகு என்ன பேரம் பேசுறது? இவர் திரும்பி வந்து, தோட்டக்காரர் கேட்ட விலைக்கே கையை நீட்டினார்.