எட்னா வீட்டுக்குப் போன குவளை

ஹில்டா பார்கெட்டர் பிறந்ததே ‘மூன்று பீப்பாய்’ பப்பின் மாடியறையில்தான். தாத்தாவும் அப்பாவும் உட்கார்ந்த கல்லாவுக்குப் பின்னால்தான் அவளுக்கும் தலை நரைத்தது. அந்தப் பப்புக்கு முந்நூறு வயது என்பார்கள். அதன் உத்தரத்தில் முட்டிக்கொள்ளாத மண்டை ஊரில் கிடையாது. உத்தரத்துக் கொக்கிகளில் வாடிக்கைக்காரர்கள் பீர் குடிக்கும் ஈயக் குவளைகள் தொங்கும், ஆளுக்கு ஒன்றாக. ஆள் செத்தால்தான் குவளை இறங்கும். அதைத் துடைத்து அவன் வீட்டில் சேர்ப்பது அப்பா காலத்து வழக்கம்.

நார்மன் பெடோஸ் பக்கவாதம் வந்து ஷ்ரூஸ்பரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊரே அவனுக்கு நாள் குறித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் புது மாட்டு டாக்டர் வந்து நின்றார்.

“எனக்கு ஒரு கொக்கி கிடைக்காதாம்மா? நானும் இனிமே இந்த ஊர்க்காரன்தானே.”

பசையுள்ள ஆள். முகத்தை முறிக்க ஹில்டாவுக்கு மனமில்லை. நார்மன் இனி எங்கே வரப்போகிறான் என்று அவன் குவளையை இறக்கினாள். நேரில் போகக் கூச்சப்பட்டு, பால்காரனிடம் கொடுத்து நார்மனின் மனைவி எட்னாவுக்கு அனுப்பிவைத்தாள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடத் தோன்றவில்லை, பாவி மகளுக்கு.

மறுநாள் எட்னா கறுப்பு உடையில், புருஷனுக்குப் போட்டுவிட்டுப் புதைக்க அவனுடைய கோட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தாள். நார்மன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

அவன் பிழைத்து வந்து பப்பில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எட்னாதான் ஹில்டாவைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போனாள். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட வந்த சிநேகிதி. ஹில்டாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு கொக்கிக்காக இப்படிச் செய்தோமே என்று மருகினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வழிமறித்துவிட்டாள்.

“நாலு அறை வேணும்னாலும் அறைஞ்சுடு எட்னா. பேசாம மட்டும் இருக்காதடி. உன்னை அழவெச்ச பாவம் என்னைத் தூங்க விடல.”

எட்னா கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

“நான் எங்கடி அழுதேன்? குவளையப் பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. டீ போட்டுக் குடிச்சேன். நல்லாத் தூங்கினேன். நான் அழுதுக்கிட்டே ஓடி வந்தேன்னு அந்த மனுஷன் ஊர் பூரா பெருமையடிக்கிறாரு. உன்மேல எனக்கு என்ன கோவம்? நீ அதை அனுப்பலேன்னா நான் இப்படிப்பட்டவள்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும்.”

நார்மன் தடியூன்றி வந்தான். “என்ன, என் அடுத்த சாவுக்குத் திட்டமா?”

எட்னா போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.