வீட்டை ஒதுங்க வைக்கச் சொன்னார்

ஐப்பசி மழைக்கு வீட்டைத் தயார் செய்கிறவர்கள் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். அந்த வருஷம் எங்கள் சித்தப்பா மட்டும் கீழே பார்த்தார்.

மண்ணரை என்ற பகுதியில் நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரே வரிசையில் ஆறு வீடுகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே சிமெண்ட் அட்டை, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே சாக்கடை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். ஊரில் மழை இல்லாமல் பிழைக்க முடியவில்லை. இங்கே மழை வந்தால் வீட்டுக்குள் இருக்க முடியாது. அட்டையை மாட்டியிருக்கும் போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒழுகும். வீட்டில் இருக்கிற குண்டா, குடம் எல்லாம் தரையில் உட்கார்ந்து மழையைக் குடிக்கும்.

அதனால் புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கூரை மேல் ஏறுவார். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணி, கட்டிங் வேஸ்ட், சும்மா கிடைக்கும். அதைத் தாரில் முக்கி போல்ட்டைச் சுற்றி அடைப்பார். மேலே அப்பா நகர நகர, கீழே அம்மாவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நகருவார்.

"போல்ட்டு வரிசையில மட்டும் காலை வைங்க. அட்டை ஒடஞ்சு உள்ள விழுந்தா ஆஸ்பத்திரிக்கு நான் தூக்கிட்டுப் போகமாட்டேன், சொல்லிட்டேன்."

நான் சுண்ணாம்பில் நீலம் கலக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயது. கலக்கச் சொன்னால் முழங்கை வரைக்கும் கலக்குகிற வயது.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. சாயப்பட்டறையில் வேலை. கூரை ஏற அவரைத்தான் அப்பா கூப்பிட்டார். அவர் போகவில்லை. எங்கிருந்தோ சைக்கிள் கேரியரில் செங்கல் கட்டிக்கொண்டு வந்து, வாசற்படியில் சிமெண்ட் குழைத்து, நிலைக்குக் குறுக்கே மூன்று வரிசை வைத்துப் பூசினார். வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் தாண்டித்தான் போக வேண்டும். அதோடு விடவில்லை. கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தார். அரிசி டின்னைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தார்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கொழுந்தனாரே, உங்களுக்கு வர்றவ ஒசரம் தாண்டுறதுல கப்பு வாங்குனவளா இருக்கணும் போல."

"பூச்சி பொட்டு வரும் மதினி" என்றார்.

ஆறு வருஷமாக அந்த வீட்டில் இருந்தோம். மழை மேலே இருந்துதான் வந்திருக்கிறது. சாக்கடை வாசற்படியைத் தொட்டது கிடையாது. அப்படியிருக்க இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் சித்தப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏ புள்ள, பக்கத்து வீட்டு அக்காகிட்ட போயி, வீட்டை ஒதுக்கி வைக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

பக்கத்து வீட்டு அத்தை இந்தச் சீமைக்காரர், குன்னத்தூர்ப் பக்கம். எனக்குத் தலை பின்னிவிட்டு, பொரி உருண்டை கொடுத்து, சொந்த மருமகள் மாதிரி வைத்திருந்தவர். அவர் வீட்டிலேயே பிசிறு வெட்டுகிற வேலை செய்வார். தைத்து முடித்த பனியன்கள் கட்டுக் கட்டாக வரும். நூல் பிசிறுகளை வெட்டி, மடித்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த மாதம் காதர்பேட்டை வியாபாரி ஒருவரின் தீபாவளிச் சரக்கு முழுக்க அத்தையிடம் வந்திருந்தது. எல்லாம் வெள்ளை. சமுக்காளத்தை விரித்து, சுவரோரமாகத் தரையிலிருந்து அடுக்கியிருந்தார். அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுக்க வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அத்தை இரண்டு வாரமாகப் பேசியது அந்த ஒரு பேச்சைத்தான்.

நான் வீட்டுக்குள் ஒரு தமிழும் வாசலில் ஒரு தமிழும் பேசுகிறவள். அதில் எனக்குத் திமிர் வேறு. அத்தைக்குப் புரிய வேண்டுமே என்று அவர் பேச்சிலேயே சொன்னேன்.

"அத்தை, ஊட்ட ஒதுங்க வெக்கோணுமாமா. சித்தப்பா சொன்னாங்க."

எங்கள் ஊரில் ஒதுக்கு என்றால், சாமானை எடுத்து அப்பால் வை என்று அர்த்தம். அத்தையின் ஊரில் வீட்டை ஒதுங்க வைப்பது என்றால் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைப்பது. எனக்கு இரண்டும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

அத்தை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஏங் கண்ணு, என்ற ஊடு என்ன குப்பமேடாட்டவா கெடக்குது? உங்க சித்தப்பனுக்கு வந்த வாயப் பாரு! அவனுக்கு ஒருத்தி வருவாள்ல, அவகிட்டப் போயி அதிகாரம் பண்ணச் சொல்லு."

கோபம் பாதி, சிரிப்பு பாதி. மறுநாள் குழாயடியில் சித்தப்பாவையே பிடித்துக்கொண்டார். "ஏண்டா தம்பி, என்ற ஊட்ட நீயே வந்து கூட்டிக் குடுக்கறயா? சீமாறு எடுத்தாரட்டா?"

சித்தப்பா சிரித்தார். அத்தை தப்பாகப் புரிந்துகொண்டார் என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கும். சிரித்த வாயால் இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வானம் உடைந்தது. சித்தப்பாவைப் பட்டறையில் அவசரம் என்று ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா தார் பூசிய கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்பா மல்லாந்து படுத்து அட்டையையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செங்கல் தடுப்பின் மேல் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்தேன். சாக்கடையில் முதலில் மண்தண்ணீர் வந்தது. பிறகு நுரை வந்தது. பிறகு சிவப்பாக வந்தது. லேசான சிவப்பு இல்லை. கோழி அறுத்த இடத்தில் இருக்குமே, அந்தச் சிவப்பு. சாக்கடை நிரம்பி, வாசலை மூடி, தடுப்பின் முதல் கல்லைத் தொட்டு, இரண்டாவது கல்லுக்கு ஏறியது. நான் காலை உள்ளே விட்டேன். வெடுக்கென்று வெளியே இழுத்தேன். மழைத்தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"அம்மா, தண்ணி சுடுது!"

அதே நேரம் பக்கத்து வீட்டில் அத்தை அலறினார்.

அம்மாவும் அப்பாவும் தடுப்பைத் தாண்டி ஓடினார்கள். அத்தையின் வீட்டுக்காரர் அன்று ஊருக்குப் போயிருந்தார். மூன்று பேரும் கட்டுகளைத் தூக்கினார்கள். எங்கே வைப்பது? அடுப்பு மேடையில் நான்கு வைக்கலாம். அத்தையின் கைக்குழந்தை தூங்குகிற தொட்டிலில் இரண்டு. மற்றதெல்லாம் தரையில்தான். வெள்ளைப் பனியன் துணி சாயத்தை எப்படிக் குடிக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். முழுதாக நனைய வேண்டாம். ஓரம் தொட்டால் போதும். சிவப்பு தானாக மேலே மேலே ஏறுகிறது. கையில் தூக்கிப் பிடித்திருக்கும்போதே ஏறுகிறது. அம்மாவின் கை, அத்தையின் சேலை, சுவர், எல்லாம் ஒரே நிறம்.

மழை விட்டு வெளிச்சம் வந்தபோது ஆறு வீட்டு ஆட்களும் அத்தையின் வாசலில் நின்றார்கள். அத்தை ஒரு பனியனை முறுக்கிப் பிழிந்தார். சிவப்பு கொட்டியது. மறுபடி பிழிந்தார். மறுபடி கொட்டியது. எத்தனை தடவை என்று தெரியாது, அதே பனியனைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

அப்போதுதான் சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கணுக்கால் வரை அவருக்கும் சிவப்பு.

எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லையே. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். "சித்தப்பா, நீங்க சொன்ன மாதிரியே தண்ணி வந்துருச்சு! செங்கலு வச்சதால நமக்கு ஒண்ணும் ஆகல! அத்தைகிட்டயும் அன்னிக்கே சொல்லச் சொன்னீங்கல்ல!"

அறைந்தார். கன்னத்தில், முழுக் கையால். அதற்கு முன்னால் அவர் என்னை ஒரு கிள்ளு கிள்ளியதில்லை. நான் அழவும் இல்லை. வாய் திறந்தபடியே நின்றேன்.

ஆறு வீட்டுக்காரர்களும் சித்தப்பாவின் காலைப் பார்த்தார்கள். பிறகு எங்கள் வாசல் செங்கலைப் பார்த்தார்கள். அப்பா வீட்டுக்குள் போய்விட்டார்.

பட்டறையில் சாயக் கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டது, முதல் பெருமழை வந்ததும் திறந்துவிடு, மழையோடு மழையாகப் போய்விடும் என்று முதலாளி சொல்லியிருக்கிறான். திறந்தது எங்கள் சித்தப்பா. வால்வைத் திருகிய கை அவருடையது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும். அதனால் எங்கள் வீட்டுக்குச் செங்கல் வைத்தார், அத்தை வீட்டுக்கு ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டார். மற்ற நான்கு வீட்டுக்கு அதுவும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரிய எட்டு வருஷம் ஆயிற்று. பாவம், அவர் என்ன செய்வார் என்று இப்போதும் அம்மா சொல்வார். செய்திருக்கலாம். குழாயடியில் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும்.

அத்தைதான் முதலில் பேசினார். பிழிந்த பனியனைக் கீழே வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"புள்ளைய எதுக்குங்க அடிக்கறீங்க? நீங்கதான் முன்னாடியே சொல்லியுட்டீங்கல்ல. நாந்தானுங்க கேக்குல."

அந்தச் சரக்கோடு அத்தையின் வீட்டுக்குப் பிசிறு வேலை வருவது நின்றது. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே மடிக்கிற வேலைக்குப் போனார். அம்மாவோடு பேசுவார். எனக்குத் தலை பின்னிவிடுவார். குழாயடியில் சித்தப்பாவைப் பார்த்தால் குடத்தை நகர்த்தி வழிவிட்டு, "வாங்க, நீங்க புடிச்சுக்கோங்க" என்பார். சித்தப்பா குடம் நிறையும் முன்பே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நேற்று வரை 'வாடா, போடா' என்று கூப்பிட்டவர் 'வாங்க, போங்க' என்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மழையை முன்கூட்டியே சொன்னதிலிருந்து எங்கள் சித்தப்பாவுக்கு அத்தை மரியாதை கொடுக்கிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.