கேட்டில் முதல் வண்டி

எபினேசருக்கு வயது நாற்பத்தெட்டு. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் கயிறு, தார்ப்பாய், போல்ட் நட்டு விற்கிறார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட, கடைக்குள் ஆள் நிற்கும்போது ஷட்டரை இறக்கியதில்லை. ஒருமுறை மழைக்கு ஒதுங்கிய ஒருவர் எதுவும் வாங்காமல் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றார். எபினேசர் சாப்பிடக்கூடப் போகவில்லை. இதை நல்ல குணம் என்பதா, பிடிவாதம் என்பதா என்று அவர் மனைவி பெர்சிஸைத்தான் கேட்க வேண்டும்.

கடையின் பரணில் நான்கு வருடமாக ஒரு கம்ப்யூட்டர் ஓடுகிறது. பலர் ஒரே நேரத்தில் செல்போன் வழியாக உள்ளே வந்து, கட்டை அடுக்கி ஊர் கட்டும் ஒரு விளையாட்டின் செர்வர் அது. மத்தியானத்தில் தூங்கிவிடாமல் இருக்க எபினேசர் ஆரம்பித்தது. தார்ப்பாய் வாங்க வந்த டிரெய்லர் டிரைவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து இன்று அறுபது பேர். துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் கிடப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே.

அந்த விளையாட்டில் அரண்மனை கட்டலாம், மலையைக் குடையலாம், வானத்தில் பறக்கலாம். இவர்கள் என்ன கட்டினார்கள் தெரியுமா? எண்ணூர் விரைவுச் சாலையைக் கட்டினார்கள். அதன் கோடியில் துறைமுக கேட்டைக் கட்டினார்கள். கட்டி முடித்த கையோடு, ஆளுக்கொரு வண்டியில் போய் வரிசையில் நின்றுகொண்டார்கள். கேட்டைத் திறக்கும் பொறுப்பு எபினேசருக்கு. நாளுக்கு இரண்டு முறைதான் திறப்பார். அதற்கு மேல் திறந்தால் நிஜம் மாதிரி இல்லை என்று புகார் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே செய்தி வந்துவிட்டது. செர்வரை நிறுத்த ஒரு முறை உண்டு. எல்லோருக்கும் சொல்லி, எல்லோரும் வெளியேறி, எல்லாவற்றையும் சேமித்து, அப்புறம்தான் நிறுத்த வேண்டும். பட்டென்று அணைந்தால் ஊர் உடைந்துபோகும். போன வருடம் அப்படி ஆகித்தான் ரஹீம் என்ற டிரைவரின் இரண்டு கால்களும் சுவருக்குள் மாட்டிக்கொண்டன. இரண்டு வாரம் மனிதர் இடுப்புக்கு மேலே மட்டும் விளையாடினார்.

எட்டு மணிக்கே எபினேசர் அறிவிப்பு போட்டார். உள்ளே இருந்த பதினேழு பேரில் பதினாறு பேர் மரியாதையாக வெளியேறினார்கள். தப்ரேஸ் என்ற டிரைவர் மட்டும் போகவில்லை. “எடத்த வுட மாட்டேன் அண்ணாச்சி” என்று ஒரு வரி எழுதிவிட்டு, போனையும் எடுக்காமல் இருந்தார்.

“ஆள வெளிய தள்ள அதுல வழி இருக்குல்லா. தள்ளிவிடுங்க” என்றாள் பெர்சிஸ்.

“கடைக்குள்ள ஆள் நிக்கயில எப்படித் தள்ளச் சொல்லுத?”

“அது கடையா?”

“ஆள் நிக்காருல்லா.”

பெர்சிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு எபினேசர் ஸ்கூட்டரை எடுத்தார். வியாபார நேரத்தில் அவர் கடையை விட்டு இறங்குவதைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர், யாருக்கு என்ன ஆயிற்று என்று பயந்துபோனார்.

எர்ணாவூரில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசை அசையாமல் நின்றது. தப்ரேஸின் டிரெய்லரைக் கண்டுபிடித்து மேலே ஏறியபோது மணி எட்டு ஐம்பது.

“பாய், கரண்ட் போகப் போகுது. வெளிய வந்திருங்க.”

“அண்ணாச்சி, பத்தொம்போது வருசமா வண்டி ஓட்டிகினு கீறேன். ஒரு நாளுகூட கேட்ல மொத வண்டியா நின்னதில்ல. இன்னிக்குத்தான் நிக்கிறேன். நீயே பாரு.”

போனைக் காட்டினார். முன்னால் ஒரு வண்டியும் இல்லை. கேட் மட்டும் இருந்தது. எபினேசருக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. வெறும் விளையாட்டுதானே என்று சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டார்.

“எடம் எங்கயும் போகாது பாய். நின்ன எடத்துலயே திரும்ப வருவீங்க.”

“ரஹீமு காலு இன்னா ஆச்சு?”

“அது பட்டுனு அணஞ்சது. இது முறையா நிறுத்துதது.”

பின்னாலிருந்து ஹாரன் அலறியது. முன்னால் வரிசை நகர்ந்திருந்தது. தப்ரேஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “சேவ் ஆயிட்ச்சின்னு என் காதால கேக்கணும். அப்பால எடுக்கறேன் வண்டிய” என்று சொல்லி, விளையாட்டிலிருந்து வெளியே வந்தார்.

எபினேசர் பெர்சிஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் திரையில் வந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். உள்ளே யாரும் இல்லை. ஊர் சேமிக்கப்பட்டது. நிறுத்தவா என்றாள். நிறுத்து என்றார். நின்றுவிட்டது. அவள் வாசித்து முடிப்பதற்குள் ஒன்பது டிரெய்லர்கள் ஓரமாகப் புகுந்து முன்னால் போய்விட்டன. ஒரு டிரைவர் தலையை நீட்டித் தப்ரேஸின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். தப்ரேஸ் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

கரண்ட் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தது. செர்வர் ஓட ஆரம்பித்ததும் முதலில் உள்ளே வந்தவர் தப்ரேஸ்தான். விட்ட இடத்திலேயே, கை கால் எல்லாம் சரியாக, கேட்டுக்கு நேராக நின்றார். உடனே போன் வந்தது.

“எடம் அப்டியே கீது அண்ணாச்சி.”

“அங்க ரோட்டுல எப்படி இருக்கு?”

“இங்க இன்னா, ஒம்போது வண்டி பூந்துட்டான். உள்ள போறதுக்குள்ள பொயுது சாஞ்சிடும்.”

எபினேசருக்குத் தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று உறுத்தியது. புகார் வந்தால் வரட்டும் என்று துணிந்தார்.

“பாய், இப்பவே கேட்டத் திறந்துருதேன். நீங்க உள்ள போங்க.”



“வாணாம் அண்ணாச்சி” என்றார் தப்ரேஸ். “இன்னும் கொஞ்ச நேரம் நின்னுக்கிறேன்.”