சித்தப்பா கள்ளனா, இல்லையா

ஐந்தாம் வகுப்புக்கு ஒரு நாவல் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் தலைமையாசிரியர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், பாடத்துல உள்ள நாலு வரியவே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்குதுவ. நீங்க நாவல்ங்கீங்க."

"அதனாலதான் சார். நாலு வரியில என்ன நடந்துரப் போகுது, மேல வாசிக்கணும்னு தோண?"

அவர் கெட்டவர் இல்லை. தேர்ச்சி குறைந்தால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், அவ்வளவே. "பாடம் நிக்காமப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி பீரியடை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

சங்கரன்கோவிலில் தறிக்காரர்கள் குடியிருக்கும் தெரு ஒன்றில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். காலையில் நான் சிவகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேரும்போதே விசைத்தறிகள் ஓட ஆரம்பித்திருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் எங்கள் பிள்ளைகளுக்குத் தொண்டை பெரிது. பேச்சுக்கும் சண்டைக்கும் பஞ்சமே கிடையாது. கையில் புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும் அத்தனை தொண்டையும் அடைத்துக்கொள்ளும்.

நான் தேர்ந்தெடுத்த நாவல் சிறியது. மழை பொய்த்த வருஷத்தில் ஒரு கிராமம். பத்து வயதுப் பெண் ஒருத்தி, அவளுடைய அப்பா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, வயதான ஒரு காளை. ஒரு நாள் விடிந்து பார்த்தால் தொழுவில் காளை இல்லை. வீட்டில் சித்தப்பாவும் இல்லை. ஊரே அவரைக் கள்ளன் என்கிறது. அந்தப் பெண் மட்டும் நம்பாமல் கடைசிப் பக்கம் வரை வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள். சித்தப்பா திரும்பி வருவதில்லை. காளை என்ன ஆனது என்று எழுதியவரும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதற்காகத்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன்.

மூன்று பேருக்கு ஒரு புத்தகம் என்று உட்கார வைத்தேன். முதல் வாரம் தோல்விதான். முதல் அத்தியாயத்தை நானே குரல் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினேன். வாயைப் பிளந்து கேட்டார்கள். "இனி நீங்க வாசிங்க" என்றதும் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"டீச்சர், எத அடிக்கோடு போடணும்?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா வாசிங்க."

"கேள்வி பதிலு எங்கன இருக்கு டீச்சர்? பின்னால ஒண்ணுமே இல்லையே."

பதில் இல்லாத புத்தகத்தை எதற்கு வாசிப்பது என்பது அவர்களுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கேள்விக்குப் பதில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடி, அதைப் பார்த்து எழுதித்தான் ஐந்தாம் வகுப்பு வரை வந்திருக்கிறார்கள்.

காளை காணாமல் போகும் அத்தியாயம் வந்த அன்று எல்லாம் மாறியது. வகுப்பிலேயே சத்தக்காரனான ஒரு பையன் எழுந்து நின்றான். அவன் அப்பா பள்ளிக்கூடத் தெருவிலேயே தறி ஓட்டுகிறவர்.

"டீச்சர், சித்தப்பன்தான் களவாண்டுட்டுப் போயிருக்கான். சொல்லாமக் கொள்ளாமப் போறவன் கள்ளன்தான?"

"ஏலே, அவரு நல்லவருலே" என்று இன்னொருவன் கத்தினான்.

"நல்லவருன்னா எதுக்குல ஓடுதாரு?"

பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினார்கள். தறிச் சத்தமே கேட்கவில்லை. அடக்க வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன். இதுவரை ஒரு பாடத்துக்கும் இவர்கள் இப்படிச் சண்டை போட்டதில்லை. கரும்பலகையைத் தட்டி ஒரே ஒரு விதி மட்டும் சொன்னேன்: யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்று தொடங்கியது. "பக்கம் காட்டுலே!" என்பது வகுப்பின் கூப்பாடு ஆயிற்று. சண்டையில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவே வாசித்தார்கள். எழுத்துக் கூட்டினவர்கள் சொல்லைப் பிடித்தார்கள், சொல்லைப் பிடித்தவர்கள் வரியைப் பிடித்தார்கள். சத்துணவு வரிசையில் கூட ஒருத்தன் தட்டை ஒரு கையிலும் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு நின்றான். ஆனாலும் வகுப்பில் பெரும்பான்மை கள்ளன் கட்சிதான். உள்ளுக்குள் நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். பல தடவை வாசித்தும் சித்தப்பாவுக்காகப் பேசுகிற மாதிரி உறுதியாக ஒரு வரி எனக்கு அகப்படவில்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை உண்டு. விடிவதற்குள் அம்மாவோடு பிச்சிப்பூ பறித்து மார்க்கெட்டில் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வரும். வகுப்பிலேயே மெதுவாக வாசிப்பது அதுதான். ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து, அழுத்தி, நகர்த்தி வாசிக்கும். மற்றவர்கள் ஒரு அத்தியாயம் முடிக்கும்போது அது இரண்டு பக்கம் தாண்டியிருக்காது. நான்கு வருஷமாகப் பிறர் சிரிப்புக்குப் பயந்து வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

ஒரு நாள் கடைசி பீரியடில் அது கையைத் தூக்கியது.

"டீச்சர், சித்தப்பா களவாங்கல."

வகுப்பு சிரித்தது. தறிக்காரர் மகன் வழக்கம்போல, "பக்கம் காட்டுட்டி!" என்றான்.

அந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தது. அடிமாட்டு வியாபாரி ஒருவன் ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ரகசியமாகக் காளையை விலை பேசுகிற இடம். நாங்கள் எல்லோரும் தாண்டிப் போன இடம். எழுத்தெழுத்தாக வாசித்தது.

"வே... லிக்கு அந்தப் பக்கம் கிறீச் என்று... ஒரு சத்தம் கேட்டது. ஓணானாக இருக்கும் என்றார் அப்பா."

"அதுக்கு என்னட்டி?" என்றான் அவன்.

அது பக்கங்களை முன்னால் புரட்டியது. புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு பக்கம். "சித்தப்பாவின் தோல்செருப்பு நடக்கும்போதெல்லாம் கிறீச் கிறீச் என்று... கத்தும். அதை வைத்தே அவர் வருவதை அவள் கண்டுபிடித்துவிடுவாள்."

அந்தப் பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னது:

"வேலிக்கு அங்கன நின்னது சித்தப்பா டீச்சர். காளைய அடிமாட்டுக்குக் குடுக்கப் போறாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் அத ஓட்டிட்டுப் போயிட்டாரு."

பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன், "ஆமா டீச்சர், ஓணான் எங்கயாவது கிறீச்சுங்குமா?" என்றான். வகுப்பே வெடித்தது. எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள், விரலை வைத்தார்கள், திரும்ப வாசித்தார்கள். பஸ்ஸிலும் வீட்டிலுமாக அந்த வரியை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். நான் வேகமாக வாசிக்கிறவள். ஓணானை நம்பிவிட்டேன். ஒவ்வொரு சொல்லையும் பாடுபட்டு வாசித்த பிள்ளைக்கு எந்தச் சொல்லையும் மறக்க முடியவில்லை.

"எனக்கே இது தெரியாது கண்ணு. நீதான் கண்டுபிடிச்சே" என்று வகுப்பு முன்னால் வைத்துச் சொன்னேன். அது தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. அந்தப் பிள்ளைக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்று அன்றுதான் பார்த்தேன்.

தறிக்காரர் மகன் லேசில் விடுகிறவன் இல்லை. "சரி, காப்பாத்தத்தான் கொண்டு போனாருன்னா கதையில உள்ள பிள்ளகிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா? எதுக்குச் சொல்லல?" என்றான். அதுவும் நல்ல கேள்வி. வகுப்பு சரிபாதியாகப் பிரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதற்குப் பதிலாக ஐந்தாம் வகுப்பு பட்டிமன்றம் நடத்தட்டும் என்றேன். தலைப்பு: சித்தப்பா கள்ளனா, இல்லையா. நடுவர் அவர்தான்.

"நான் அந்தப் புஸ்தகத்த வாசிக்கவே இல்லையே டீச்சர்."

ஒரு பிரதியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் முதல் பீரியட் முடிவதற்குள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "அந்தக் காளை என்னதான் ஆச்சு?" என்றார். எனக்கும் தெரியாது என்றேன். கோபத்தோடு புத்தகத்தை மூடினார். அந்தக் கோபத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

விழா அன்று சாயங்காலம் பள்ளி முற்றம் நிறைந்துவிட்டது. தறியை நிறுத்திவிட்டு வந்த அப்பாக்கள், மடியில் பூவும் நாருமாகத் தொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அம்மாக்கள். பாட்டு இல்லை என்று தெரிந்ததும் பின்வரிசையில் சிலர் எழுந்து போகப் பார்த்தார்கள். முதலில் பேசிய பிள்ளை கதையைச் சொல்லி முடித்தபோது எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். கையில் புத்தகம், இடையிடையே தாள் செருகி அடையாளம். கூட்டம் இரண்டு கட்சியாகி ஆளாளுக்குக் கை தட்டியது.

கடைசியில் தறிக்காரர் மகன் பேசி முடித்ததும் அவன் அப்பா கூட்டத்திலிருந்தே எழுந்துவிட்டார்.

"எம் மவன் சொல்லுததுதான் நியாயம்! அண்ணன் வளத்த மாட்டக் கேக்காம ஓட்டிட்டுப் போனா அது களவுதான?"

பெரிய கைதட்டல். தலைமையாசிரியர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், அடங்கவில்லை. எதிர்க்கட்சி வரிசையின் ஓரத்திலிருந்து பூப் பறிக்கிற பிள்ளை எழுந்து மைக்குக்கு வந்தது.

"மாமா, அது அண்ணன் வளத்த மாடுன்னு எந்தப் பக்கத்துல இருக்கு?"

அவர் திகைத்துப் போனார். "எந்தப் பக்கமா? அது... வீட்டு மாடுதானட்டி" என்றார்.

அது புத்தகத்தைத் திறந்து மைக்கில் வாசித்தது. வேகம் ஒன்றும் கூடியிருக்கவில்லை. அதே எழுத்து, அதே விரல். "கன்றாக இருந்தபோது... ஆற்று வெள்ளத்திலிருந்து அதைத் தோளில் தூக்கி வந்தவர் சித்தப்பா. ராத்திரியெல்லாம் விழித்திருந்து பால் புகட்டியவரும்... அவர்தான்." அவ்வளவு நேரமும் கூட்டம் மூச்சுக் காட்டாமல் காத்திருந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அதன் அம்மா பூத் தொடுப்பதை நிறுத்திவிட்டு மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை புத்தகத்தை மூடியதும் எழுந்த சத்தம் அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும். அந்த அப்பாவே முதலில் கை தட்டினார். "பெரிய வக்கீலுல்லா இது!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "சித்தப்பா கள்ளன் இல்லை. ஆனா அந்தப் பிள்ளகிட்டச் சொல்லாமப் போனது பெரிய தப்பு." இரண்டு கட்சிக்காரர்களும் தாங்கள்தான் ஜெயித்ததாகக் குதித்தார்கள். பிள்ளைகள் மேடையிலிருந்து இறங்கி அவரவர் அம்மா அப்பாவிடம் ஓடினார்கள். நான் ஒரு ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் துடைத்ததைத் தலைமையாசிரியரும் பார்த்தார். ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் தறிக்காரர் பள்ளிக்கூட வாசலில் நின்றார். வாசித்துவிட்டுத் தருகிறேன், புத்தகம் வேண்டும் என்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் கேட்டு வாங்கிப் போனார்கள். வகுப்புக்குப் புத்தகம் குறைந்து போய், சில நாள் ஐந்து பேருக்கு ஒன்று என்று உட்கார வேண்டியதாயிற்று.

அடுத்த நாவலை யார் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு வந்தபோது நாலைந்து புத்தகங்களை மேசையில் பரப்பி, எனக்குப் பிடித்த ஒன்றை நைசாக முன்னால் தள்ளி வைத்தேன். வகுப்பின் சார்பில் பூப் பறிக்கிற பிள்ளையும் தறிக்காரர் மகனும் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டி, தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். நான் தள்ளி வைத்ததைத் தொடக்கூட இல்லை. இருந்ததிலேயே தடிமனான புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்கள்.

"இது போதும் டீச்சர்" என்றது அந்தப் பிள்ளை. "இதுல ரொம்ப நாளைக்குச் சண்ட போடலாம்."