தம்பியின் ஹெல்மெட்

என் தாடைக்குக் கீழே வாரை இழுத்துப் பூட்டிவிட்டு, வாருக்கும் தொண்டைக்கும் நடுவே இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தான் தம்பி. மூன்று விரல் நுழைந்தால் தளர்வு, ஒன்றுதான் நுழைந்தால் இறுக்கம் என்பது அவன் கணக்கு. நொய்டாவைத் தாண்டுவதற்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. மழை விட்டிருந்தாலும் புழுக்கம் விடவில்லை. ஹெல்மெட்டுக்குள் அவன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை. அதன் உச்சியில் இரண்டு தட்டுத் தட்டி, "பக்கா, அக்கா" என்றான். அவனுடைய முகத்தை நான் நன்றாகப் பார்த்த கடைசி நேரம் அதுதான்.

என்னைவிட ஏழு வயது சின்னவன். டில்லியில், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். அப்பா அம்மாவுடன் திருநெல்வேலித் தமிழில் தொடங்கிய வாக்கியத்தை இந்தியில்தான் முடிப்பான். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. ஆனால் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, கீழே போகிற மோட்டார் சைக்கிள் எந்த வண்டி என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவான். வேலைக்குப் போய் மூன்று வருடம் கழித்து ஒரு வண்டி வாங்கினான். அதற்கு முன்னாலேயே ஹெல்மெட்டை வாங்கிவிட்டான். நான்கு கடை ஏறி இறங்கி, தலையை அளந்து, போட்டு ஆட்டிப் பார்த்து வாங்கியது. அம்மா வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது, "வைம்மா, தப்பில்ல. நான் டயர்ல காத்தும் பாத்துட்டேன்" என்று சிரித்தான். வேகத்தை அவ்வளவு நேசித்த ஒருவன் அவ்வளவு நிதானமாக வண்டி ஓட்டியதை நான் வேறு எங்கும் கண்டதில்லை. பந்தயம் திடலில்தான், ரோட்டில் இல்லை என்பான்.

அந்த வருடம் கிரேட்டர் நொய்டா திடலில் பெரிய மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. வெளிநாட்டு வீரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். தம்பி எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டான். எனக்குப் பந்தயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி ஜனக்புரிக்குப் போன பிறகு அவனோடு ஒரு முழு நாள் இருந்ததே இல்லை என்பதால் சரி என்றேன். முதல் நாளே மயூர் விஹாருக்கு வந்துவிட்டேன். அப்பா போன பிறகு அம்மாவும் அவனும் மட்டும் இருந்த வீடு அது. மெட்ரோவில் போய்விடலாமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "பைக் ரேஸுக்கு மெட்ரோல போறதா? என்ன அக்கா நீ!" என்று அவன் முகத்தைச் சுளித்ததில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காலையில் தாமதம் என்னால்தான். தயிர்சாதம் கட்டுகிறேன், தலையைப் பின்னுகிறேன் என்று முக்கால் மணி நேரம் போக்கினேன். அவன் வாசலில் நின்று "ஜல்தி, அக்கா, ஜல்தி" என்று கத்திக்கொண்டிருந்தான். அம்மா வழக்கம்போல "பைய போங்கல" என்றாள். நான் ஜனக்புரியிலிருந்து என்னுடைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்திருந்தேன். போலீஸ்காரன் சலான் எழுதி அபராதம் போட்டுவிடக் கூடாதே என்று ரோட்டோரத்தில் வாங்கியது. அவன் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தான். "இது தொப்பி. ஹெல்மெட் இல்ல" என்றான். நேரமாகிவிட்டதால் அதற்கு மேல் சொல்லவில்லை.

பெட்ரோல் பங்க்கில் அந்தத் தொப்பியின் கொக்கி என் கையோடு வந்துவிட்டது. அவன் உடனே, "வீட்டுக்குத் திரும்புவோம். பக்கத்து வீட்டுல ஒண்ணு இருக்கு, கேட்டு வாங்கிக்கலாம்" என்றான். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒண்ணும் ஆகாது, போடா. சும்மா தலையில வச்சுப் பிடிச்சுக்கறேன்" என்றேன். அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு தன்னுடையதைக் கழற்றி என் தலையில் மாட்டினான். என்னுடையதைத் தான் போட்டுக்கொண்டு, கொக்கி போன வாரின் இரண்டு முனைகளையும் தாடைக்குக் கீழே முடிச்சாகப் போட்டான். அப்போதும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்தயத்துக்கு நேரமாகிறது என்பது மட்டுமே என் மனதில் இருந்தது. அவனுக்கு அதில் எவ்வளவு ஆசையோ, அவ்வளவு ஆசையையும் நான் கெடுத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் திரும்பிப் போக எனக்குச் சோம்பல்.

அதன் பிறகு அவன் இன்னும் மெதுவாகவே ஓட்டினான். எங்களைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாக மோட்டார் சைக்கிள்கள் போயின. சிலர் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டினார்கள். ஒருவன் படுத்துக்கொண்டே ஓட்டினான். அவனவன் மனதில் அவனவன் பந்தய வீரன். தம்பி இடது ஓரமாகவே போனான். திடலுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது, அந்த இடது ஓரத்தில் ஒரு பிக்கப் வண்டி எதிரே வந்தது. சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ராங் சைடில் வந்த வண்டி. தம்பி பிரேக் பிடித்ததும் வண்டி வழுக்கியதும் தெரியும். ரோடு என் காதோரமாக உரசிக்கொண்டு போன சத்தமும் தெரியும்.

கண் திறந்தபோது மல்லாந்து கிடந்தேன். யாரோ என் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தார்கள். "உதாரோ மத்! கழற்றாதீங்க, கழுத்தை அசைக்காதீங்க!" என்று இந்தியில் ஒரு பெண் அதட்டினாள். அவளும் பந்தயத்துக்குப் போகிறவள்தான், தோல் ஜாக்கெட் போட்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை முழங்காலிட்டு என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள். தம்பியைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. தூரத்தில் திடலிலிருந்து எஞ்சின்களின் இரைச்சல், தேன்கூடு கலைந்ததுபோலக் கேட்டது. அவன் அதைக் கேட்டானா என்று தெரியாது. முடிச்சு அவிழ்ந்து, நான் கொண்டுவந்த தொப்பி அவனுக்கு முன்னாலேயே ரோட்டில் உருண்டு போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். மறுநாள் காலை அவன் போய்விட்டான். எனக்குக் காறை எலும்பும் மூன்று விலா எலும்பும் முறிந்திருந்தன. தலையில் ஒரு கீறல்கூட இல்லை.

போலீஸ் திருப்பிக் கொடுத்த சாமான்களில் அவன் ஹெல்மெட் இருந்தது. இடது பக்கம் முழுக்கத் தேய்ந்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் தக்கை தெரிந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, "எம்புட்டுப் பாத்துப் பாத்து வாங்கினான். இதுவும் அவனக் கைவிட்டுட்டே" என்று அழுதாள். இல்லை அம்மா, அது என் தலையில் இருந்தது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கட்டுப் போட்ட தோளோடு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒரு நாள் சொல்லாமல் விட்டதை மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். வருடங்கள் அப்படியே போயின.

அம்மா இப்போது எங்களோடு ஜனக்புரியில் இருக்கிறாள். மாடி வீட்டில் ஒரு பஞ்சாபிப் பெண் குடியிருக்கிறாள், வங்கி வேலை, ஸ்கூட்டரில் போகிறவள். அம்மாவுக்கு அவளைப் பிடிக்கும். போன மாதம் ஒரு நாள் காலை அவள் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு தலையில் ஒன்றுமில்லாமல் கிளம்புவதைப் பார்த்து, ஏன் போடவில்லை என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டிதான் சொல்லிட்டாங்களே, அவங்க பையன் அவ்வளவு நல்ல ஹெல்மெட் போட்டும்..." என்று இந்தியில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். பக்கத்தில் நின்ற அம்மா, "ஹெல்மெட் ஸே குச் நஹீ ஹோத்தா, பேட்டி. சப் கிஸ்மத்" என்றாள். ஹெல்மெட்டால் ஒரு பயனும் இல்லை, எல்லாம் தலைவிதி என்று.

அவள் போன பிறகு அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கி கழன்றது, அவன் திரும்பிப் போகலாம் என்றது, நான் மாட்டேன் என்றது. கடைசியில் அம்மா, "அப்போ அவன் தலையில என்னத்தட்டி போட்டிருந்தான்?" என்று மட்டும் கேட்டாள்.

"என்னோடத. அந்த ரோட்டோரத்துல வாங்கினத."

எழுந்து உள்ளே போய்விட்டாள். நான்கு நாட்கள் என்னோடு பேசவில்லை. சமைத்தாள், என் தட்டில் பரிமாறினாள், பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை படிக்கட்டில் அவள் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாடிப் பெண்ணின் எதிரே நின்று, தனக்குத் தெரிந்த இந்தியில், "மைனே கலத் போலா. மேரா பேட்டா கா ஹெல்மெட் அச்சா தா. மேரி பேட்டி கோ பசாயா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், என் பையனின் ஹெல்மெட் நல்ல ஹெல்மெட்தான், என் பெண்ணைக் காப்பாற்றியது. அந்தப் பெண் ஹெல்மெட்டைப் போட்டு வாரைப் பூட்டும்வரை அம்மா நகரவில்லை.

திரும்பி வந்தவள் என் அருகில் உட்கார்ந்தாள். என் இடது தோளில், எலும்பு சேர்ந்து மேடாகிப்போன இடத்தை விரலால் தடவினாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த இடத்தைத் தொட்டதே இல்லை. நானும் காட்டியதில்லை.

"அன்னைக்கு உனக்கு ரொம்ப வலிச்சுதாட்டி?" என்றாள்.

டாக்டர், நர்ஸ், உறவுக்காரர்கள் என்று யார் கேட்டபோதும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன்.

"ஆமாம்மா," என்றேன். "ரொம்ப வலிச்சுது."