திருப்பி அனுப்பிய கிழங்கு மூட்டை

ஒரு திங்கட்கிழமை காலை அந்த மெயில் வந்தது. மூன்றாண்டுத் திட்டம் முடிகிறது, நீட்டிப்பு இல்லை, வாழ்த்துகள். வாழ்த்து எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். வியாழன்தோறும் எங்கள் வேன் பிசியோதெரபிஸ்டை ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போகும். வேன், டீசல், சம்பளம் எல்லாமே ஒரே கம்பெனி சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதி. அது நின்றால் எல்லாம் நிற்கும் என்று தெரிந்தேதான் மூன்று வருடம் நிம்மதியாக இருந்தோம்.

மலையில் ராசாத்தி என்று ஆறு வயதுப் பெண். அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருந்தாள். இரண்டு மாதம் பயிற்சி விட்டுப்போனால் கால் பழையபடி இறுகிவிடும் என்றார் தெரபிஸ்ட்.

கம்பெனி அதிகாரிக்கு போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். “இன்னொரு வேன் வேணும்னா கேளுங்க மேடம், பாக்கலாம். டீசல், சம்பளம்லாம் இனிமே எங்க பட்ஜெட்ல வராது.”

ஓடாத வேனுக்குத் துணையாக நிறுத்திவைக்க இன்னொரு வேன்! சென்னைக்கும் பெங்களூருக்கும் ப்ரொபோசல் எழுதித் தள்ளினேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. ஐந்து வியாழன் வேன் ஷெட்டிலேயே கிடந்தது.

ஆறாவது வாரம் பஸ் பிடித்து மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போய்ப் பெற்றோர்களைக் கூட்டி உண்மையைச் சொன்னேன். அழுவார்கள் என்று நினைத்தேன். ராசாத்தியின் அம்மா செல்லம்மா ஒரு கேள்விதான் கேட்டார்.

“போன வருசம் ஒரு மூட்ட கெழங்கு ஏத்தி வுட்டோமே, இன்னாத்துக்கு திருப்பி அனுப்ச்சீங்க?”

மறக்கவில்லை. மரவள்ளி அறுவடையின்போது பெற்றோர்கள் சேர்ந்து வேனில் ஏற்றிவிட்ட மூட்டை அது. பயனாளிகளிடம் எதுவும் வாங்கக்கூடாது என்பது கம்பெனி விதி. அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்தவள் நான். ‘முற்றிலும் இலவசம்’ என்று ஆண்டறிக்கையில் பெருமையாக வேறு எழுதினேன்.

“குடுத்தா வாங்க மாட்டேன்றீங்க. சரி, இது யாரோ நடத்துறது, நமக்கு இன்னான்னு வுட்டுட்டோம்ங்க.”

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அன்றே அவர்களாகப் பேசி முடிவு செய்தார்கள். அறுவடை நெருங்கிய சமயம். ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு லாரி போகும்போது வீட்டுக்கு ஒரு மூட்டை எங்கள் பெயரில் ஏறும். அதில் வருவது டீசலுக்கு. சம்பளத்துக்குக் கள்ளக்குறிச்சியில் நான் கடை கடையாக ஏறினேன். எங்கள் ஆபீஸுக்கு எதிரே இருந்த ஜவுளிக்கடையில் அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தினமும் வேனைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொண்டார். மாதாமாதம் தர எட்டுக் கடைகள் சேர்ந்தன. முழுச் சம்பளம் தேறவில்லை. தெரபிஸ்ட் மூன்று நாள் எங்களுக்கு, மற்ற நாள் தனியார் கிளினிக்குக்கு என்று ஒத்துக்கொண்டார்.

எட்டாவது வாரம் வேன் மலையேறியது. ராசாத்தியின் முழங்கால் கொஞ்சம் இறுகித்தான் போயிருந்தது. அது சரியாவதற்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. வேன் நின்ற அந்த வாரங்கள் என் கணக்கில்தான் சேரும்.

ஒரு வியாழன் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் தாமதம். செல்லம்மா ரோட்டிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ராசாத்தி, சுவர் இல்லாமல்.

“இன்னாங்க இது? எங்க கெழங்குல ஓடுற வண்டி, நேரத்துக்கு வர வேணாமா?”

என் இருபது வருட வேலையில் போன இடமெல்லாம் எங்களுக்குச் சால்வை போட்டிருக்கிறார்கள், கும்பிட்டிருக்கிறார்கள். திட்டியதில்லை. அன்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இனி இந்த வேன் நிற்காது என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ப்ரொபோசல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், அதுவும் வேண்டும். வேனில் யாராவது மூட்டை ஏற்றினால் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.